புகையும் வெப்பமும்: காற்று மாசும் காலநிலை மாற்றமும் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன?

மதுரையில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே பேச்சுத்தான். "இத்தனை வண்டி, இத்தனை புகை, வெயில் கொளுத்தாமல் என்ன செய்யும்?" என்பார் ஒருவர். "ஓசோனில்தான் ஓட்டை விழுந்துவிட்டதே" என்பார் அடுத்தவர். "மரத்தை வெட்டினோம், அனுபவிக்கிறோம், மரம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். இவர்கள் சொல்வது ஒவ்வொன்றிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு சிக்கல்களைப் பற்றி. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், ஒரு சிக்கலுக்கான மருந்தை இன்னொரு சிக்கலுக்குக் கொடுத்துவிட்டு, ஏன் குணமாகவில்லை என்று கேட்கும் நிலை வருகிறது.

அறிவியல் பின்னணி இல்லாதவர்களும் இவற்றைப் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அதற்கு ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும்: காற்றில் கலந்த ஒரு பொருள் அங்கே எவ்வளவு காலம் தங்குகிறது? ஆய்வாளர்கள் இதைத் தங்கு காலம் என்பார்கள். எந்தத் தீர்வு பலிக்கும், எப்போது பலிக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தத் தங்கு காலமே தீர்மானிக்கிறது.

கண்மாயும் வாய்க்காலும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்குக் கண்மாயை விளக்க வேண்டியதில்லை. மாடக்குளம் கண்மாயை எடுத்துக்கொள்வோம். வரத்துக் கால்வாய் வழியே தண்ணீர் உள்ளே வருகிறது. மடை வழியே வெளியேறுகிறது. நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் இன்று எவ்வளவு வந்தது என்பதை மட்டும் பொறுத்ததன்று; வந்ததற்கும் போனதற்கும் உள்ள வித்தியாசம் பல நாட்களாகச் சேர்ந்துதான் மட்டமாக நிற்கிறது. வரத்தைப் பாதியாகக் குறைத்தாலும், அந்தப் பாதி மடையில் போவதைவிட அதிகமாக இருந்தால் கண்மாய் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏறும் வேகம் மட்டும் குறையும். அதே கண்மாயிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலின் கதை வேறு. மடையை அடைத்த ஒன்றிரண்டு நாளில் அது காய்ந்துவிடுகிறது, ஏனென்றால் அதில் தேக்கம் என்று ஒன்றில்லை.

காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடு கண்மாய்த் தண்ணீரைப் போன்றது. வண்டிப் புகையிலும் குப்பை எரியும் புகையிலும் உள்ள நுண்ணிய துகள்கள் வாய்க்கால் தண்ணீரைப் போன்றவை. அத்துகள்கள் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் ஓரிரு வாரங்களில், மழையில் கழுவப்பட்டோ தாமாகப் படிந்தோ காற்றைவிட்டு நீங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படி நீங்குவதில்லை. இன்று வெளிவிடுவதில் ஒரு பகுதியைக் கடலும் காடும் மண்ணும் சில பத்தாண்டுகளில் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றிலேயே இருக்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது.

சுருக்கமாக: காற்று மாசு என்பது பெரும்பாலும் இன்றைய புகையின் பிரச்சினை. காலநிலை மாற்றம் என்பது தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து எரித்துச் சேர்த்த இருப்பின் பிரச்சினை. இரண்டும் பல நேரங்களில் ஒரே அடுப்பிலிருந்தும் ஒரே எஞ்சினிலிருந்தும் கிளம்புகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வெப்பம் எப்படிப் பிடிபடுகிறது?

சூரியனிடமிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி காற்று மண்டலத்தை ஊடுருவித் தரையை அடைகிறது. சூடான தரை அந்த ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. சூடான பாறைக்கு அருகில் கையைக் கொண்டுபோனால், தொடாமலே நாம் உணரும் வெப்பம் அதுதான். காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிரைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி போன்றவைதான் அதை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரையை நோக்கியே திருப்பி விடுகின்றன. இவற்றைப் பசுங்குடில் வாயுக்கள் என்கிறோம். 1859-இல் ஜான் டிண்டால் தம் ஆய்வகத்தில் இந்த உறிஞ்சுதலை அளந்து காட்டினார். 1896-இல் சுவீடனைச் சேர்ந்த சுவாந்தே அரினியஸ், கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். ஆகவே இது நேற்று முளைத்த கருத்தன்று.

இந்த வாயுக்கள் இல்லாமலே போனால் பூமியின் சராசரி வெப்பநிலை பனி உறையும் புள்ளிக்குக் கீழே, ஏறத்தாழ 18 பாகை (டிகிரி செல்சியஸ்) குறைவாக, இருக்கும். எனவே அவை இருப்பது கேடன்று. அவற்றின் அளவு ஏறிக்கொண்டே போவதுதான் கேடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் 280 மட்டுமே கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிக்கியிருக்கும் பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், தொழிற்புரட்சிக்கு முந்தைய 8 லட்சம் ஆண்டுகளில் இந்த அளவு ஏறத்தாழ 300-ஐத் தாண்டியதே இல்லை என்று தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நீராவிதான் எல்லாவற்றையும்விட அதிகமாக வெப்பத்தைப் பிடிக்கிறது என்றால், கார்பன் டை ஆக்சைடை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? விடை மறுபடியும் தங்கு காலத்தில் இருக்கிறது. ஒரு நீராவி மூலக்கூறு காற்றில் சராசரியாக ஒன்பது, பத்து நாட்கள்தான் இருக்கும். பிறகு மழையாக இறங்கிவிடும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதைக் காற்றின் வெப்பநிலையே முடிவு செய்கிறது: ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். எனவே நீராவி தானாக முன்னே நின்று வெப்பத்தை ஏற்றுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு ஏற்றிய வெப்பத்தைப் பின்தொடர்ந்து வந்து பெருக்குகிறது. பெய்கிற மழை கொட்டித் தீர்க்கும் மழையாக மாறும் வாய்ப்பும் இதனால்தான் கூடுகிறது. அதற்காகச் செல்லூருக்குள் வெள்ளம் புகுந்த ஒவ்வொரு நாளையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. காலநிலை என்பது ஓரிடத்தின் வானிலையை ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்துச் சொல்வது. ஒரு நாள் மழைக்கு அன்றைய வானிலை, தூர்ந்துபோன கால்வாய், அடைபட்ட வரத்து எல்லாம் பொறுப்பு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால், கால்வாயைத் தூர்வார வேண்டியவர்கள் பழியை வானத்தின்மீது போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

கூடியது நாம் எரித்த கார்பன்தானா?

எரிமலை கக்கியிருக்கலாம், கடல் வெளிவிட்டிருக்கலாம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடை அணுக்களிலேயே இருக்கிறது.

கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவங்களை ஐசோடோப்பு என்கிறோம். கார்பன்-14 என்னும் ஐசோடோப்பு மெல்லச் சிதைந்துகொண்டே இருப்பது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது மிச்சமே இருப்பதில்லை. எனவே அவற்றை எரித்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கக் கலக்க, காற்றில் உள்ள கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போக வேண்டும்; அணுகுண்டுச் சோதனைகளால் இடையில் ஏற்பட்ட ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அப்படியே நீர்த்துப்போகிறது. அடுத்ததாக, தாவரங்கள் ஒளிச்சேர்க்கையில் சற்றே கனமான கார்பன்-13ஐக் குறைவாக எடுத்துக்கொள்வதால், பழந்தாவரங்களிலிருந்து உண்டான எரிபொருளிலும் அது குறைவு. காற்றில் கார்பன்-13இன் பங்கும் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. எரிமலையிலிருந்து வந்திருந்தால் இந்தக் குறைவு ஏற்பட்டிருக்காது.

சூரியன்தான் கூடுதலாகக் காய்கிறது என்ற வாதத்துக்கும் இப்படி ஒரு நேரடிச் சோதனை உண்டு. சூரியனால் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். பசுங்குடில் வாயுக்களால் என்றால் கீழடுக்கு சூடாகி, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர வேண்டும். சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இலேயே கணினி மாதிரி மூலம் இதைச் சொன்னார்கள். பின்னர் பலூன்களும் செயற்கைக்கோள்களும் அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

சுருக்கமாக: வெப்பம் கூடுவதற்குக் காரணமான வாயு எது, அது எங்கிருந்து வந்தது என்ற இரண்டும் தனித்தனி அளவீடுகளால் உறுதியானவை. இது கருத்து வேறுபாட்டுக்குரிய ஊகமன்று.

புகையை எடைபோடுதல்

இப்போது வாய்க்காலுக்கு வருவோம். மனித உடலுக்கு உடனடிக் கேடு செய்யும் காற்று மாசில் முதன்மையானது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். இரண்டரை மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ குறுக்களவு உள்ள, காற்றில் மிதக்கும் எந்தத் துகளும் இதில் அடங்கும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை போவதால்தான் இது ஆபத்தானது. மூச்சுக்கோளாறோடு நில்லாமல் மாரடைப்பு, பக்கவாதம்வரை கொண்டுபோகிறது.

இதை அளக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அறிவியல் எவ்வளவு பொறுமையான வேலை என்பது புரியும். ஒரு மெல்லிய வடிதாளை, ஈரப்பதமும் வெப்பமும் மாறாத அறையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் எடை போடுகிறார்கள். மாடியில் நிற்கும் கருவிக்குள் அதைப் பொருத்தி, நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் காற்றை உறிஞ்ச விடுகிறார்கள். 24 மணி நேரத்தில் 24 கனமீட்டர் காற்று அந்தத் தாளைக் கடந்திருக்கும். பெரிய துகள்கள் வழியிலேயே கழிந்துவிட, நுண்துகள் மட்டும் தாளில் படியும். வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகித் திரும்பும். மறுபடியும் அதே அறை, அதே தராசு. ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் என்பது இந்தியா வகுத்துள்ள ஒரு நாள் வரம்பு. அந்த வரம்பைத் தொட்ட நாளில்கூடத் தாளில் சேர்ந்திருக்கும் அழுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் குறைவுதான். ஆண்டுச் சராசரிக்கு இந்திய வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு அளவோ 5 மட்டுமே. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த வரம்பு என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

எடை பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அதே தாளை வேதியியல் சோதனைக்கு உட்படுத்தினால், துகள் எங்கிருந்து வந்தது என்று கண்டறியலாம். சிலிக்கனும் அலுமினியமும் மிகுந்திருந்தால் சாலைப் புழுதியும் மண்ணும். லெவோகுளுக்கோசன் என்னும் பொருள் இருந்தால் விறகோ சருகோ எரிந்திருக்கிறது, ஏனென்றால் அது மரநார் எரியும்போதுதான் உண்டாகும். கரியின் பங்கு கூடியிருந்தால் டீசல் போன்ற எரிபொருட்கள் மீது சந்தேகம் போகும். சல்பேட் மிகுந்திருந்தால் அது நேரடியாகப் புகையாக வந்ததாக இருக்காது. அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் நிலக்கரி எரிந்து வெளியேறிய கந்தக டை ஆக்சைடு, காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து துகளாகியிருக்கும். இந்தக் கணக்கை மூலப் பகுப்பாய்வு என்கிறார்கள்.

இந்த ஆய்வு இல்லாமல் நடவடிக்கை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவதுதான். கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்பவருக்கு வண்டிப் புகைதான் தெரியும். ஆனால் அங்கே சக்கரங்கள் கிளப்பும் புழுதியின் பங்கு எவ்வளவு, டீசலின் பங்கு எவ்வளவு என்பது தாளைச் சோதித்தால்தான் தெரியும். புழுதி என்றால் சாலையோரத்தை மூடிப் போடுவதும் மணல் லாரியில் தார்ப்பாய் போர்த்துவதும் பலன் தரும். டீசல் என்றால் தராது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நிதி மதுரைக்கும் வருகிறது. அது எந்த மூலத்தைக் குறைக்கச் செலவாகிறது என்று ஊர் மக்கள் கேட்க வேண்டும்.

ஆய்வு சொன்னதைச் சட்டமாக்கி நடந்த நல்ல மாற்றங்களும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் இந்தியாவில் முழுமையாக நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல், வண்டிப் புகைக்கான இந்தியத் தர வரம்பான பாரத் ஸ்டேஜ் 6-க்கு ஏற்ற எரிபொருள் வந்தபோது, கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் குறைந்தால்தான் புகையை வடிகட்டும் கருவிகள் வண்டியில் கெடாமல் வேலை செய்யும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த பின்பே இந்த மாற்றம் வந்தது.

2020: உலகமே ஒரு சோதனைக்கூடமானபோது

கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் உள்ள வேறுபாட்டை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்த ஆண்டு 2020. ஊரடங்கில் வண்டிகள் நின்றன, ஆலைகள் நின்றன. சில நாட்களிலேயே இந்திய நகரங்களில் நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சரிந்தன. பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து தொலைவில் உள்ள தௌலாதார் மலைத்தொடர் கண்ணுக்குத் தெரிந்தது. வாய்க்கால் காய்ந்துவிட்டது.

அதே ஆண்டில் மௌனா லோவாவில் கார்பன் டை ஆக்சைடு என்ன ஆனது? ஏறிக்கொண்டே இருந்தது. உலகம் வெளிவிட்ட அளவு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம்வரை குறைந்தும்கூட ஏறியது. காரணம் எளிது: வரத்தில் சிறிது குறைந்ததே தவிர, வரத்து வெளிப்போக்கைவிட மிக அதிகமாகவே இருந்தது. நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழ பாதியைத்தான் கடலும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன, மறுபாதி தேங்குகிறது. எனவேதான் ஆய்வாளர்கள் "குறைப்பது" என்று நிறுத்தாமல் "நிகர சுழியம்" என்கிறார்கள்: வெளிவிடுவதும் திரும்ப எடுத்துக்கொள்வதும் சமமாகும் நிலை அது. பாதி வழியில் நின்றுவிட்டால் கண்மாய் நிற்காது.

மரம் எவ்வளவு செய்யும்?

மரம் நடுவதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. நான் பேசவும் மாட்டேன். ஆனால் கணக்குத் தெரிந்து நட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் ஆகும் என்று பலர் வியப்பார்கள். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்வதுதான் அந்தக் கூடுதல் எடை. தினமும் 30 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு பைக் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அந்தக் கணக்கில், ஒரு பைக்கின் ஓராண்டுப் புகையை ஈடுகட்ட 270 கிலோ அளவுக்குப் புதிதாக மரக்கட்டை வளர வேண்டும். அடுத்த ஆண்டு மேலும் 270 கிலோ. வளர்ந்தது எதுவும் வெட்டி எரிக்கப்படாமல், மட்கிப் போகாமல் நிற்கவும் வேண்டும்.

மதுரை போன்ற நகரத்தில் மரத்தின் உடனடிப் பயன் வேறு. கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வெப்பத்தை விழுங்கி இரவில் வெளிவிடுவதால், நகரம் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சூடாக இருக்கிறது. இதற்கு நகர வெப்பத் தீவு என்று பெயர். பேச்சில் குழம்பிப்போகும் மூன்றாவது சிக்கல் இது. நிழலாலும் இலைகளின் நீராவிப்போக்காலும் மரம் இதைத் தணிக்கிறது. வைகைக் கரையிலோ கே.கே. நகர்த் தெருவிலோ நிற்கும் வேப்பமரத்தடியில் கிடைக்கும் குளிர்ச்சி உண்மையானது. அது உலக வெப்பத்துக்கான தீர்வாக இல்லாவிட்டாலும், இந்தத் தெருவுக்கான தீர்வு.

ஓசோன் பற்றிய குழப்பத்தைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். ஓசோன் படலம் தேய்ந்ததால் வரும் கேடு புறஊதாக் கதிர்; வெப்பம் அன்று. தேய்வுக்குக் காரணம் குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் என்று மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் சொன்னார்கள். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. இரண்டு சிக்கல்களும் தொடும் இடம் ஒன்று உண்டு: அதே வாயுக்கள் வெப்பத்தையும் கடுமையாகப் பிடிக்கும் என்று 1975-இல் கண்டறிந்தவர் வீ. ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, குளிர்பதனத் துறையில் வேலை பார்த்தவர் அவர்.

வெப்பத்தை மறைக்கும் புகை

புகைதான் வெயிலைக் கூட்டுகிறது என்பவர்களுக்கு இந்தப் பகுதி வியப்பாக இருக்கும். சல்பேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியடித்துப் பூமியைக் குளிர்விக்கின்றன. பிலிப்பைன்ஸில் 1991-இல் வெடித்த பினாட்டுபோ எரிமலை மேலடுக்குக் காற்றில் தள்ளிய கந்தகத்தால், அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை குறைந்தது. தொழிற்சாலைப் புகையின் சல்பேட்டும் இதேபோல், பசுங்குடில் வாயுக்கள் ஏற்றிய வெப்பத்தின் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கிறது. புகையைத் துப்புரவு செய்தால் அந்த மறைப்பு சில வாரங்களில் விலகிவிடும். கீழே தேங்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அப்படியே இருக்கும்.

எல்லாத் துகளும் குளிர்விப்பதில்லை. விறகடுப்பிலும் டீசலிலும் வரும் கருங்கரித் துகள் ஒளியை விழுங்கிக் காற்றைச் சூடாக்குகிறது. 1999-இல் இந்தியப் பெருங்கடல்மேல் கப்பல்களும் விமானங்களும் கொண்டு நடந்த இந்தோயெக்ஸ் ஆய்வில், ராமநாதனும் பிற நாட்டு ஆய்வாளர்களும் தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவிக்கிடந்த பழுப்புப் புகைமண்டலத்தை அளந்தார்கள். அது தரைக்கு வரும் வெயிலைக் குறைப்பதோடு நடுக்காற்றைச் சூடாக்குகிறது என்று தெரிந்தது. அப்படியானால் சல்பேட்டை விட்டுவைக்கலாமா என்று கேட்பது கொடுமை. அதே துகள்தான் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் உயிரை எடுக்கிறது. ஆய்வு காட்டும் வழி வேறு: சல்பேட்டைக் குறைக்கும்போதே கருங்கரியையும் மீத்தேனையும் சேர்த்துக் குறைத்தால், விலகும் மறைப்பினால் வரும் வெப்பத்தைப் பெருமளவு ஈடுகட்டலாம். விறகடுப்பை மாற்றும் திட்டங்கள் காலநிலைத் திட்டங்களாகவும் மதிக்கப்படுவது இதனால்தான். முதலில் நன்மை பெறுவது அடுப்பு ஊதும் பெண்ணின் நுரையீரல். அது ஒன்றே போதிய காரணம்.

எரிப்பதா, உருக்குவதா?

தெருமுனையில் குப்பையோடு பிளாஸ்டிக்கையும் எரிக்கும் வழக்கம் மதுரையில் இன்னும் நிற்கவில்லை. மட்காமல் மண்ணில் பன்னெடுங்காலம் கிடக்கும் ஒரு பொருளை, எரித்து ஒரு மணி நேரத்தில் காற்றுக்கு மாற்றுகிறோம், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் வகை கலந்திருந்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகிறது. இதே ஊரின் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன் கேட்ட கேள்வி, பிளாஸ்டிக் எந்த வெப்பநிலையில் இளகுகிறது, எந்த வெப்பநிலையில் சிதைகிறது என்பது. பைகளிலும் உறைகளிலும் உள்ள பிளாஸ்டிக், சிதையும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே இளகிவிடும். சாலை போடும் ஜல்லியை ஏறத்தாழ 170 பாகைக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் அது ஜல்லியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு தாரை ஊற்றினால் பிடிப்புக் கூடுகிறது, ஜல்லிக்குள் நீர் இறங்குவதும் குறைகிறது. பி.வி.சி.க்கு இதில் இடமில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இது குப்பைக்கும் தெருப்புகைக்குமான தீர்வு. கார்பன் டை ஆக்சைடுக் கண்மாயை இது வற்றச் செய்யாது.

நெல் வயலில் மீத்தேன்

நுண்துகளுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நடுவில் நிற்பது மீத்தேன். இதன் தங்கு காலம் ஏறத்தாழ 12 ஆண்டுகள். வெப்பத்தைப் பிடிக்கும் ஆற்றலோ, 20 ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. எனவே இன்று குறைத்தால் நம் காலத்திலேயே பலன் தெரியும். குப்பைக் கிடங்கு, கால்நடை, சாக்கடை, நெல் வயல் ஆகியவை இதன் முக்கிய ஊற்றுகள். அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில், ஈரக்குப்பை காற்றோட்டமின்றி அடியில் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. வீட்டிலேயே ஈரக்குப்பையைப் பிரிக்கச் சொல்வதற்குப் பின்னால் உள்ள வேதியியல் இதுதான்.

நெல் வயலிலும் நடப்பது அதுவே. தேங்கிய நீர் மண்ணுக்குள் ஆக்சிஜன் போகாமல் தடுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள், மட்கும் வேரையும் வைக்கோலையும் தின்று மீத்தேனை வெளிவிடுகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே மேலேறுகிறது. ஆய்வாளர்கள் பயிருக்குமேல் ஒரு மூடிய பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிட இடைவெளிகளில் ஊசிக்குழலால் காற்றை எடுத்து, உள்ளே மீத்தேன் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். இப்படி அளந்ததில், நீரைத் தொடர்ந்து கட்டாமல் இடையிடையே வயலைக் காயவிட்டால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரை குறைவதைப் பல ஆய்வுகள் காட்டின. நம் உழவர்களின் வாயில் இதற்குப் பெயர் காய்ச்சலும் பாய்ச்சலும்.

எப்போது காயவிட வேண்டும், எவ்வளவு காயவிட வேண்டும் என்பதற்கும் எளிய கருவி இருக்கிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து வைக்கிறார்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. காய்ந்தால் பதர் கூடும். விளைச்சல் குறையாமல் தண்ணீரும் மிச்சமாகிறது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வயல் காய்ந்து நனையும்போது, இட்ட உரத்தின் நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாக மாறி வெளியேறுவது கூடலாம். அதன் தங்கு காலம் 100 ஆண்டுகளுக்கு மேல். உரத்தைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இட்டால் இதைக் கட்டுக்குள் வைக்கலாம், மொத்தக் கணக்கில் லாபம் மீத்தேன் குறைவதிலேயே இருக்கிறது.

ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கடைமடை உழவர் ஒருவரிடம் இதைச் சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி வேதியியல் பற்றியதாக இருக்காது. "வயலைக் காயவிட்ட பிறகு, அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வந்து சேருமா?" என்றுதான் கேட்பார். பெரியாறு-வைகைப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது, கடைமடைக்கு வந்து சேர்வது உறுதியில்லை என்பதால்தான் கிடைத்த நீரை வரப்பு முட்ட அவர் தேக்கி வைக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது முழுக்க நியாயமான முடிவு. குழாயும் பயிற்சியும் கொடுப்பதற்கு முன்னால், முறை நாட்களை முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடி கடைமடைவரை தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வேண்டும். அது கிடைத்த வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் பரவ வேறு பிரசாரம் தேவைப்படாது.